ஐம்பத்துமூன்று மணியும் இருபத்தெட்டு மணியும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலையில் கண்ணமங்கலம் இருக்கிறது. ஆரணிப் பட்டு என்று ஜவுளிக் கடைக்காரர் நம் முன் விரித்துப் போடும் புடவைகளில் எத்தனையோ அந்த வட்டாரத்துத் தறிகளில் பிறந்தவை. வாங்குகிறவர்கள் கரையைப் பார்ப்பார்கள், முந்தியைப் பார்ப்பார்கள், விலைச்சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் புடவைக்குள் எவ்வளவு எண்ணிக்கை அடங்கியிருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும்போது, பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று தவறினாலும் புடவை காட்டிக் கொடுத்துவிடும். இந்த வேலையில் பெண்களின் கைக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களில் பலர் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர்கள். ஆனால் எண்ணத் தெரியாதவள் என்று அவர்களில் ஒருத்தியையும் சொல்ல முடியாது.

இதே வட்டாரத்தில் கத்தோலிக்கர்களும் கணிசமாக இருக்கிறார்கள். 1876-78இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தின் காலத்தில், சேத்துப்பட்டை நடுவாக வைத்துக்கொண்டு உழைத்த தாராஸ் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் காலத்திலிருந்து பெருகிய கூட்டம் அது. அந்த வீடுகளில் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு ஜெபமாலை சொல்லுவார்கள். 53 மணி ஜெபம் என்றே அதற்குப் பெயர். விளக்கு அணைந்தாலும் ஜெபம் நிற்காது. விரல் மணியைத் தொட்டுக்கொண்டே போகும், கணக்கு தவறாது.

இவ்வளவையும் முன்னால் சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியப் பெண்ணுக்கு 28 மணி எண்ணத் தெரியவில்லை என்று ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் முடிவு கட்டினார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தமிழ்நாட்டுப் பட்டுத் தறிகளுக்கு வேண்டிய கச்சாப் பட்டில் பெரும்பகுதி மைசூர்ச் சீமையிலிருந்து வருவது. பெங்களூரிலிருந்து மைசூர் போகிற வழியில் ராமநகரம் என்று ஒரு ஊர். பட்டுக்கூடு வியாபாரத்துக்குப் பேர் போனது. அந்த ஊரிலும், தில்லியில் சர்க்கார் குமாஸ்தாக்கள் குடியிருந்த லோதி காலனியிலும், 1952ஆம் ஆண்டை ஒட்டி ஒரு சோதனை நடந்தது. வீட்டுக்கு வீடு போய்ப் பெண்களிடம் மாதவிலக்கு நாட்களை விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு மணிமாலையைக் கையில் கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். பச்சை மணி வந்தால் பயமில்லை. சிவப்பு மணி வந்தால் புருஷனும் பெண்சாதியும் விலகியிருக்க வேண்டும். மருந்து கிடையாது, கருவி கிடையாது, செலவும் கிடையாது.

இந்த மணிகளுக்குப் பின்னால் இருந்த சாஸ்திரம் அப்போது புதியது. பெண்ணின் உடலில் கருமுட்டை எப்போது வெளிவருகிறது என்பதை 1924இல் ஜப்பானிய டாக்டர் க்யூசாகு ஒகினோ கண்டு எழுதினார். அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னால் என்பது அவருடைய கணக்கு. சில ஆண்டுகளுக்குள் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹெர்மன் க்னாஸும் தனியாக ஆராய்ந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். பிள்ளையில்லாதவர்களுக்குப் பிள்ளை உண்டாக வழி சொல்வதுதான் ஒகினோவின் ஆசை. உலகம் அந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டிப் பிள்ளை வேண்டாதவர்களுக்கு வழியாக்கிக்கொண்டது. ஹாலந்து தேசத்துக் கத்தோலிக்க டாக்டர் ஸ்மல்டர்ஸ் 1930இல் அதை ஒரு முறையாகவே வகுத்துக் கொடுத்தார். அதே ஆண்டின் கடைசி நாளன்று போப்பாண்டவர் பதினோராம் பத்திநாதர் செயற்கைக் கர்ப்பத்தடை பாவம் என்று சுற்றுமடல் வெளியிட்டார். தகுந்த காரணம் இருந்தால் கத்தோலிக்கத் தம்பதிகள் கருத்தரிக்காத நாட்களை அனுசரிக்கலாம் என்று 1951 அக்டோபர் 29ஆம் தேதி இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பன்னிரண்டாம் பத்திநாதர் விளக்கமாகவே சொன்னார்.

ரோமாபுரியில் இது நடந்த அதே பருவத்தில் தில்லிக்கு ஒரு விருந்தாளி வந்திருந்தார். அவர் நியூயார்க் டாக்டர் ஆபிரகாம் ஸ்டோன். அழைத்தவர் இந்தியாவின் சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர். அனுப்பியது உலக சுகாதார ஸ்தாபனம். ராஜகுமாரி கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், ஆனால் கத்தோலிக்கர் அல்ல. அவருடைய குரு காந்திஜி. கர்ப்பத்தடைப் பிரசாரகி மார்கரெட் சாங்கர் 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து வாதாடியபோது, கருவிகளை அடியோடு மறுத்த காந்திஜி, நாள் பார்த்து விலகியிருக்கும் வழியை மட்டும் அவ்வளவு வெறுக்கவில்லை. அதிலாவது கொஞ்சம் தன்னடக்கம் இருக்கிறதே என்பது அவர் எண்ணம். ஆக, வார்தா ஆசிரமமும் வாடிகன் அரண்மனையும் வெவ்வேறு வழியாக நடந்து ஒரே நாட்காட்டியின் முன்னால் வந்து நின்றன. அந்த நாட்காட்டியைத்தான் ஸ்டோன் மணிமாலையாகக் கோத்தார்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. போப்பாண்டவர் அனுமதித்த முறை ஒன்றைத்தான் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவில் கையாண்டது. அப்படியிருந்தும், 1952இல் கூடிய அதன் மகாசபையில் கத்தோலிக்க நாடுகள் எழுந்து ஆட்சேபித்தன. ஸ்தாபனம் குடும்பக் கட்டுப்பாட்டிலிருந்தே பல ஆண்டுகளுக்குக் கையை எடுத்துக்கொண்டது.

ராமநகரத்தில் என்ன ஆயிற்று? கேட்டபோது தலையாட்டியவர்கள் ஏராளம். கடைசிவரை அனுசரித்தவர்கள் சொற்பம். மாலையைப் பற்றிக் கதைகள் கிளம்பின. இருட்டில் சிவப்பு எது, பச்சை எது என்று தெரியவில்லை என்றார்களாம். உடனே ஒரு வகை நாளுக்கு உருண்டை மணி, மற்ற வகைக்குச் சதுர மணி என்று மாற்றிக் கொடுத்தார்கள். குழந்தைகள் மாலையை எடுத்து விளையாடி மணியை நகர்த்திவிட்டன. பின்னால் தள்ளாதபடி கொக்கி வைத்தார்கள். கழுத்தில் போட்டுக்கொண்டாலே பிள்ளை பிறக்காது, அது ஒரு தாயத்து என்று சிலர் நம்பியதாகவும் சொன்னார்கள். இந்தக் கதைகள் மாநாட்டுக்கு மாநாடு பயணம் செய்து, கேட்டவர்களை எல்லாம் சிரிக்க வைத்தன. படிப்பறிவில்லாத ஜனங்கள், அவர்களுக்குக் கணக்கு வராது என்பது கடைசியில் நிலைத்த தீர்ப்பு.

உடம்பின் மேல் கொஞ்சம் குற்றம் சொல்லலாம், மறுக்கவில்லை. எல்லாப் பெண்களுக்கும் மாதம் 28 நாளில் வருவதில்லை. பால் கொடுக்கிறவளுக்கும், வயிறார உண்ணாதவளுக்கும் கணக்கு முன்பின்னாகத்தான் இருக்கும். மணிமாலை அதையெல்லாம் அறியாது. ஆனால் கணக்கு வரவில்லை என்ற பழியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ராமநகரம் பட்டுக்கூட்டை எண்ணியும் எடைபோட்டும் பிழைக்கிற ஊர். அந்த ஊர்ப் பெண்ணுக்கு மணி எண்ணத் தெரியாது என்றால், கண்ணமங்கலத்தில் பாவு பிணைக்கிறவளுக்கு இழை எண்ணத் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதான்.

தவறியது எங்கே? மாலை பெண்ணின் கழுத்தில் இருந்தது. தீர்மானம் அவள் கையில் இல்லை. சிவப்பு மணி வந்த ராத்திரியில், "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவள் அவள். அதைக் கேட்க வேண்டியவன் இன்னொருவன். ஒரே அறையில் மாமியார், நாத்தனார், குழந்தைகள் எல்லாரும் படுத்திருக்கிற வீட்டில், அந்தரங்கத்தை ஊரறிய மணியாகக் கோத்து மாட்டிக்கொள்ள எந்தப் பெண்ணுக்குத்தான் கூச்சம் இருக்காது? இருட்டில் நிறம் தெரியவில்லை என்று அவள் சொன்னாளே, அது ஒருவேளை மரியாதையான ஒரு சாக்காக இருந்திருக்கலாம். புருஷன் கேட்கவில்லை என்று அந்நிய மனிதரிடம் எப்படிச் சொல்லுவாள்?

இது என் ஊகம் மட்டும் அல்ல. படித்த, வசதியுள்ள, எழுத்துக் கூட்டத் தெரிந்த கத்தோலிக்கத் தம்பதிகளே இதே இடத்தில் இடறினார்கள். கர்ப்பத்தடையைப் பற்றி ஆலோசனை சொல்ல 1963இல் போப்பாண்டவர் இருபத்துமூன்றாம் அருளப்பர் ஒரு குழு அமைத்தார். பிறகு அதில் சேர்க்கப்பட்ட சிகாகோத் தம்பதிகள் பாட்ரிக் க்ரௌலியும் பாட்ரிஷியாவும் 18 நாடுகளிலிருந்து சுமார் 3000 தம்பதிகளின் அனுபவத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். நாள் கணக்கு தங்கள் இல்லறத்தில் அன்பைவிட அச்சத்தைத்தான் வளர்த்தது என்று அவர்களில் பலர் எழுதியிருந்தார்கள். குழுவில் பெரும்பான்மையோர் விதியைத் தளர்த்தலாம் என்றார்கள். ஆனால் 1968 ஜூலை 25ஆம் தேதியிட்ட சுற்றுமடலில் ஆறாம் சின்னப்பர் பழைய விதியையே உறுதி செய்தார்.

பிறகு மணிக்குப் பதிலாக உடம்பின் அறிகுறியைக் கவனிக்கும் முறையை ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் பில்லிங்ஸும் அவருடைய மனைவி ஈவ்லினும் பரப்பினார்கள். அதை 1970களில் உலக சுகாதார ஸ்தாபனம் ஐந்து ஊர்களில் சோதித்துப் பார்த்தது. அவற்றில் பெங்களூர் ஒன்று. கற்றுக்கொண்ட முதல் மாதத்திலேயே பத்தில் ஒன்பது பெண்களுக்கு மேல் தங்கள் நாளைச் சரியாக அறிந்துகொண்டார்கள். அப்படியும் வருஷத்தில் நூற்றுக்கு இருபது பேரளவில் கருத்தரித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை நாள் தெரியாமல் வந்தவை அல்ல. இன்றைக்கு ஆகாது என்று தெரிந்தே விதியை மீறியதால் வந்தவை. கணக்கு தெரிந்திருந்தது. கணக்கு கேட்கப்படவில்லை.

ராமநகரத்திலேயே இந்தப் பாடத்தைப் படித்திருக்கலாம். அதற்குப் பதிலாக, ஜனங்களை நம்பிப் பயனில்லை, நாமே செய்துவிட வேண்டியதுதான் என்ற பாடத்தைச் சர்க்கார்கள் படித்தன. நெருக்கடி நிலையின்போது 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஆபரேஷன் நடந்தது. எத்தனையோ இடங்களில் சம்மதம் என்பது பெயருக்குக்கூட இல்லை. மணிமாலைக்கும் கத்திக்கும் நடுவே இருபத்தைந்து ஆண்டுகள்தான்.

மணிமாலை சாகவில்லை. 2002ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 32 மணிகளோடு புதிய மாலை ஒன்றைச் செய்தார்கள். இந்தியாவில் அதற்கு மாலா சக்ரம் என்று பெயர். 26 நாளுக்குக் குறையாமலும் 32 நாளுக்கு மிகாமலும் சுற்று வருகிறவர்களுக்கு மட்டுமே அது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரை வெள்ளை மணி. அவை விலகியிருக்க வேண்டிய நாட்கள். பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் 478 பெண்களைக் கொண்டு சோதித்தார்கள். விதி தவறாமல் நடந்தவர்களில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே கருத்தரித்தார்கள். தவறியவர்களையும் சேர்த்தால் பன்னிரண்டு. அந்த ஐந்து மணியின் குறை. மீதி ஏழையும் மணியின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஜெபமாலையை ஒருத்தி தனியாக உருட்டலாம். அவளுடைய பக்தியே அதற்குப் போதும். பாவு பிணைப்பதைக்கூட அவள் ஒருத்தியாக உட்கார்ந்து செய்து முடிக்கலாம். ஸ்டோன் கோத்த மாலை அப்படிப்பட்டதல்ல. அதை எண்ண ஒருவர் போதும். நடத்த இருவர் வேண்டும். ராமநகரத்தில் வீடு வீடாகப் போனவர்கள் மாலையைக் கொடுத்த கையோடு, திண்ணையில் உட்கார்ந்திருந்த புருஷனைக் கூப்பிட்டு, "நீயும் எண்ணக் கற்றுக்கொள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ! சிவப்பும் பச்சையும் இருட்டில் தெரியாமல் போகலாம். பக்கத்தில் படுத்திருப்பவள் சொல்லும் சொல் இருட்டிலும் காதில் விழும்.