இருபத்தைந்தில் மூன்று

போன மார்கழியில் மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டுக் கூடத்தில் மூன்று நாள் மட்டும் ஓவியக் கடை போட்டிருந்தார்கள். தெப்பக்குளத்தை வரைந்த ஓர் அச்சுப்படத்தின் கீழ் ஓரத்தில் பென்சிலால் 3/25 என்று எழுதியிருந்தது. “மொத்தமே இருபத்தஞ்சுதான் சார். அதுக்கு மேல போட மாட்டேன்” என்றார் அதை வரைந்த பெண். வாங்கிவிட்டேன். தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: இது இங்க்ஜெட் அச்சு. ஃபைல் அவருடைய லேப்டாப்பில் இருக்கிறது. இருபத்தாறாவது பிரதியை எது தடுக்கும்?

ஒரு காலத்தில் பொருளே தடுத்தது. செம்புத் தகட்டில் ஊசியால் கீறினால் கோட்டின் ஓரத்தில் பிசிறு எழும். மை அதில்தான் தங்கும். அச்சு எந்திரம் அழுத்த அழுத்தப் பிசிறு மழுங்கிவிடும். சில பத்துப் பிரதிகளுக்கு மேல் நன்றாக வராது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தகட்டின்மேல் மெல்லிய இரும்புப் பூச்சு கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தத் தடை போனது. பிரதிகளை எண்ணி, பென்சிலால் கையெழுத்திடும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியதும் ஏறக்குறைய அதற்குப் பிறகுதான். அதாவது அந்த எண் ஆரம்பத்திலிருந்தே ஒரு வாக்குறுதிதான்.

அதே காலத்தில் இங்கே யோசனை நேர் எதிராக ஓடியது. 1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் வாங்கிய ரவிவர்மாவின் ஓவியங்களுக்கு அரண்மனைகளில் போட்டி. பரோடா திவான் பதவியை 1882-இல் விட்ட பிறகு மயிலாப்பூரில் வாழ்ந்த டி. மாதவராவ், 1884-இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: இரண்டே கைகளால் இத்தனை பேருக்கு வரைய முடியாது, ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃபாக அச்சிடுங்கள், நாட்டுக்கே அது சேவை. பத்து வருடம் கழித்து, 1894-இல், ரவிவர்மா பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார். வணிகமாக அது அவருக்குச் சரிவரவில்லை. சில ஆண்டுகளில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். படங்கள் மட்டும் நிற்கவில்லை. கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதவர் வீட்டுச் சுவருக்கும் லட்சுமியும் சரஸ்வதியும் போய்ச் சேர்ந்தார்கள்.

எங்கள் பாட்டியிடமும் ஒரு லட்சுமி இருந்தாள். புடவை முழுக்க ஜரிகையும் சமிக்கியும் ஒட்டிய பழைய படம். தினமும் சாம்பிராணிப் புகை, வெள்ளிக்கிழமை குங்குமம். முகமே பழுப்பேறிவிட்டது. ஃபிளாட்டுக்கு மாறியபோது கண்ணாடி உடைந்தது. கோயில் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவன் நான்தான். கணக்கில்லாமல் அடித்த அந்தப் படங்கள் இப்படித்தான் தீர்ந்துபோயின. இன்று மிச்சமிருப்பதை ஏலத்தில் எடுக்கிறார்கள்.

எத்தனை பிரதி அடித்தார்கள் என்று பாட்டி ஒருநாளும் கேட்டதில்லை. நான் அதைத்தான் முதலில் கேட்டேன். அந்தப் பெண் சொன்ன வாக்கை நம்புகிறேன். அது வேறு விஷயம். ஆனால் வாங்கிய படம் இன்னும் அட்டைக் குழாயிலேயே சுருண்டு கிடக்கிறது, வெயில் பட்டால் மங்கிவிடுமோ என்ற பயத்தில். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கணும்.