மெய்யரும் பொய்யரும் வாழும் தீவு: ஒரு தருக்கப் புதிரின் வரலாறு

எப்போதும் மெய்யே பேசுவோரும் எப்போதும் பொய்யே பேசுவோரும் மட்டும் வாழும் ஒரு தீவில், பார்வைக்கு வேறுபாடற்ற அம்மக்களுள் யார் எவ்வகையினர் என்பதை அவர்கள் சொல்லும் சொற்களைக் கொண்டே கண்டறியச் சொல்லும் தருக்கப் புதிர்கள், இன்று கணிதப் போட்டிகளிலும் வேலைக்கான தேர்வுகளிலும் இதழ்களின் புதிர்ப் பக்கங்களிலும் வழக்கமாக இடம்பெறுகின்றன. மிகப் பழமையானவை போலத் தோன்றினும், இவை இன்றைய வடிவத்தை எய்தியது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆனால் இவற்றின் வேர் கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்பே கிரேக்க மெய்யியலாரை அலைக்கழித்த பொய்யன் முரணில், அதாவது தன்னைப் பொய் என்று தானே கூறிக்கொள்ளும் கூற்றில், இருக்கிறது. எவராலும் அவிழ்க்க இயலாத அம்முடிச்சு எவ்வாறு சிறுவரும் விடை காணத்தக்க புதிராயிற்று என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வியாகும். பொய் என்னும் பண்பு கூற்றை விட்டுப் பெயர்ந்து கூறுபவரைச் சென்று சேர்ந்ததே அதற்குக் காரணம் என்பதைப் பின்வரும் செய்திகள் காட்டும்.

இம்மரபின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவது, கிரேத்தா தீவைச் சேர்ந்த எபிமெனிடிஸ் தம் நாட்டார் அனைவரும் பொய்யர் என்று கூறியதாக வழங்கும் செய்தியாகும். விவிலியத்தில் தீத்துவுக்கு எழுதப்பட்ட நிருபத்தில் இக்கூற்று, பெயர் சுட்டப்படாத ஒரு கிரேத்தா தீர்க்கதரிசியின் வாக்காக இடம்பெறுகிறது. நிருபத்தை எழுதியவர் இதில் எந்தச் சிக்கலையும் காணவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர் இதை அத்தீவினரின் ஒழுக்கத்துக்கு எதிரான சான்றாகவே எடுத்துக்காட்டி, அச்சான்று உண்மையானது என்றும் உறுதிகூறுகிறார். தருக்க நோக்கிலும் இது முழுமையான முரண் அன்று. கூற்றைப் பொய் என்று கொண்டால், கிரேத்தா தீவில் யாரோ ஒருவர் எப்போதோ ஒருமுறை மெய் பேசினார் என்பதே பெறப்படும். அதில் எவ்வித இடரும் இல்லை.

உண்மையான முரணை வகுத்தவராகக் கருதப்படுபவர், கி.மு. நான்காம் நூற்றாண்டில் மெகாரா மெய்யியல் மரபைச் சார்ந்திருந்த மிலேத்துஸ் நகரத்து யூபுலிடிஸ் ஆவார். தான் பொய் சொல்வதாக ஒருவன் சொல்கிறான். அவன் அப்போது சொல்வது மெய்யா, பொய்யா என்பது அவருடைய வினா. மெய் என்றால் அவன் சொன்னபடியே அது பொய்யாகிறது. பொய் என்றால் அவன் சொன்னது நடந்துவிட்டதாகையால் அது மெய்யாகிறது. இவ்வாறு ஒரு கூற்று தன்னையே பொருளாகக் கொண்டு பேசுவதைத் தற்சுட்டு என்பர். ஸ்டோயிக் மெய்யியலாருள் தலைசிறந்த கிரிசிப்புஸ் இம்முரண் ஒன்றைப் பற்றியே பல நூல்கள் எழுதினார் என்பதை, பண்டை மெய்யியலாரின் வரலாற்றை எழுதிய டையோஜெனிஸ் லயேர்ஷியஸ் தரும் பட்டியலால் அறிகிறோம். அந்நூல்களுள் ஒன்றும் முழுமையாகக் கிடைக்காமற்போனது தருக்க வரலாற்றுக்கு நேர்ந்த பேரிழப்பாகும்.

இந்திய மரபும் இச்சிக்கலை அறியாததன்று. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த இலக்கண மெய்யியலார் பர்த்ருஹரி தமது வாக்கியபதீயத்தில், தான் சொல்வன எல்லாம் பொய் என்னும் கூற்றை எடுத்து ஆராய்ந்து, அக்கூற்று பிறவற்றைச் சுட்டுமேயன்றித் தன்னைச் சுட்டுவதாகக் கருதப்படுவதில்லை என்னும் முடிவுக்கு வருகிறார். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை நூல் கூறும் குற்றங்களை விளக்குமிடத்து, சொல்பவனின் சொல்லாலேயே அவன் கோள் அழிந்துபோகும் குற்றத்துக்குத் தன் தாயை மலடி என்று ஒருவன் கூறுவதை எடுத்துக்காட்டுகிறார். ஆயினும் இக்குற்றத்தையும் பொய்யன் முரணையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. தாயை மலடி என்பவன் சொன்னது பொய் என்ற அளவில் வழக்கு முடிந்துவிடும். யூபுலிடிஸின் கூற்றோ பொய் என்று தீர்ப்புரைத்த அக்கணமே மெய்யாகி மீண்டும் எழுந்து நிற்கும்.

ஐரோப்பிய இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் இவ்வகைக் கூற்றுகள் தீர்வரியவை என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரால் தனிப் பாடமாகவே பயிலப்பட்டன. 1320களில் ஆக்ஸ்ஃபோர்டில் கற்பித்த தாமஸ் பிராட்வர்டின், தன்னைப் பொய் என்று கூறும் கூற்று உள்ளுறையாகத் தன்னை மெய் என்றும் கூறுகிறது என்றும், ஒன்றுக்கொன்று முரணான இரண்டையும் ஒருங்கே கூறுவதால் அது வெறும் பொய்யே என்றும் வாதிட்டார். புதிரின் வரலாற்றுக்கு இவரைவிட முக்கியமானவர், அதே நூற்றாண்டில் பாரிஸில் பணியாற்றிய ஜான் புரிதான். அவர் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்றில் பாலம் ஒன்றைப் பிளேட்டோ காத்து நிற்கிறார்; கடக்க விரும்பும் சாக்ரடீசிடம், அடுத்துச் சொல்வது மெய்யானால் வழிவிடுவதாகவும் பொய்யானால் ஆற்றில் தள்ளுவதாகவும் கூறுகிறார்; சாக்ரடீசோ, பிளேட்டோ தம்மை ஆற்றில் தள்ளுவார் என்று விடையிறுக்கிறார். தள்ளினால் சொன்னது மெய்யாகிவிடும், தள்ளாவிட்டால் பொய்யாகிவிடும். பிளேட்டோவால் தம் வாக்கை எவ்வகையிலும் காக்க இயலாது.

1615இல் வெளிவந்த டான் குவிஹோட்டே நாவலின் இரண்டாம் பாகத்தில் செர்வாண்டிஸ் இப்பாலத்தைத் தூக்குமரத்துடன் சேர்த்துவிடுகிறார். ஆளுநராக அமர்த்தப்பட்ட சாஞ்சோ பான்சாவின் முன் வரும் வழக்கு இதுவாகும்: ஓர் ஆற்றுப் பாலத்தைக் கடப்போர் தாம் எங்கு, எதற்காகச் செல்கின்றனர் என்று ஆணையிட்டுக் கூற வேண்டும், மெய் சொன்னால் கடக்கலாம், பொய் சொன்னால் தூக்கு. ஒருவன் அத்தூக்குமரத்தில் சாவதற்கே செல்வதாக ஆணையிடுகிறான். மெய் சொன்ன பாதியைக் கடக்க விட்டுப் பொய் சொன்ன பாதியைத் தூக்கிலிடுமாறு சாஞ்சோ முதலில் கூற, ஆளைப் பிளந்தால் இரு பாதியும் சாகும் என்று எடுத்துரைக்கப்பட்டதும், நீதி ஐயத்துக்கு இடமாகும்போது இரக்கத்தின் பக்கம் சாய வேண்டும் என்னும் தம் தலைவரின் அறிவுரையை நினைவுகூர்ந்து அவனை விடுவிக்கிறார். தருக்கத்தால் தீராததை அறத்தால் தீர்த்த இத்தீர்ப்பு, ஓர் உயிரைப் பணயமாக வைத்து நிற்கும் கதைக்குப் பொருத்தமானதே. முரண் இங்கும் தீரவில்லை; எனினும் அது ஏட்டுப் பாடத்தைக் கடந்து, காவலரும் விதிகளும் தண்டனையும் கொண்ட ஒரு சிற்றூர்க் கதையாயிற்று.

ஆக்ஸ்ஃபோர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரிக் கணித ஆசிரியரும் லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரால் உலகறிந்தவருமான சார்ல்ஸ் டாட்ஜ்சன் 1894இல் வகுத்த புதிர் அடுத்த படியாகும். முதலாமவர் இரண்டாமவரைப் பொய் சொல்வதாகக் கூறுகிறார். இரண்டாமவர் மூன்றாமவரைப் பற்றி அவ்வாறே கூறுகிறார். மூன்றாமவர் மற்ற இருவருமே பொய் சொல்வதாகக் கூறுகிறார். முதலாமவர் சொன்னது மெய் என்று கொண்டால் இரண்டாமவர் பொய் சொன்னவராவார்; எனவே மூன்றாமவர் மெய் சொன்னவராவார்; ஆனால் அவர் கூற்றுப்படி முதலாமவரும் பொய் சொன்னவராதல் வேண்டும். ஆகவே முதலாமவர் சொன்னது பொய், இரண்டாமவர் சொன்னது மெய், மூன்றாமவர் சொன்னது பொய். எவரும் தம்மைப் பற்றிப் பேசாது பிறரைப் பற்றியே பேசுவதாலும், அக்கூற்றுகளின் வளையம் சரியான இடத்தில் மூடுவதாலும், யூபுலிடிஸின் சுழல் இங்கு ஒரே விடைக்கு இட்டுச் செல்கிறது. ஆயினும் இம்மூவரும் அந்த ஒரு வேளையில் மெய்யோ பொய்யோ சொன்னவர்களே தவிர, இயல்பால் மெய்யரோ பொய்யரோ அல்லர்.

அந்த இயல்பு விதியாக நிலைபெற்றதைக் காட்டும் தொடக்கச் சான்றுகளுள் ஒன்று, 1931இல் பாஸ்டன் போஸ்ட் நாளிதழில் வெளிவந்த புதிராகும். இது பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்க மெய்யியலார் நெல்சன் குட்மனின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. ஒரு நாட்டில் பிரபுக்கள் பொய்யே சொல்வதில்லை. வேட்டுவர் மெய்யே சொல்வதில்லை. மூவர் சந்திக்கின்றனர். முதலாமவர் தம்மைப் பிரபு என்றோ வேட்டுவர் என்றோ கூறுகிறார். எதுவெனப் படிப்பவருக்குத் தெரியாது. இரண்டாமவர், முதலாமவர் தம்மை வேட்டுவர் என்றே கூறினார் என்று தெரிவித்து, மூன்றாமவரும் வேட்டுவரே என்கிறார். மூன்றாமவர் முதலாமவரைப் பிரபு என்கிறார். முதலாமவர் என்ன சொன்னார் என்று தெரியாமலே விடை காணலாம் என்பதில்தான் இதன் அழகு இருக்கிறது. பிரபு தம்மைப் பிரபு என்பார். வேட்டுவரும் பொய்யராதலின் தம்மைப் பிரபு என்றே சொல்வார். தம்மை வேட்டுவர் என்று கூற அந்நாட்டில் எவராலும் இயலாது. எனவே இரண்டாமவர் பொய்யுரைத்த வேட்டுவர். மூன்றாமவரைப் பற்றி அவர் சொன்னதும் பொய். ஆகவே மூன்றாமவர் பிரபு, அவர் சொற்படி முதலாமவரும் பிரபு.

இங்குதான் பழைய முரண் முழுமையாகக் கட்டுக்குள் வருகிறது. தான் பொய்யன் என்னும் கூற்று இந்நாட்டில் விலக்கப்பட்ட கூற்றன்று; அந்நாட்டின் இயல்பாலேயே எழ முடியாத கூற்று. எழ முடியாத அந்த ஒன்றே மற்ற அனைத்தையும் அறிவதற்குச் சாவியாகிறது. அதே 1931இல் தருக்கவியலார் கர்ட் கோடல் தமது நிறைவின்மைத் தேற்றத்தை வெளியிட்டார் என்பது தற்செயலே எனினும் நினைவில் கொள்ளத்தக்கது. எண்கணிதத்தை உள்ளடக்கும் அளவு வலுவுடையதும் முரணற்றதுமான முறையான அமைப்பில் நிறுவவும் இயலாத, மறுக்கவும் இயலாத கூற்று உண்டு என்பதே அத்தேற்றம். தம் வாதத்துக்கும் பொய்யன் முரணுக்கும் உள்ள ஒப்புமையைக் கோடலே அக்கட்டுரையில் சுட்டியுள்ளார்.

பாதை பிரியுமிடத்தில் நிற்கும் ஒருவரிடம், அவர் மெய்யரா பொய்யரா என்று அறியாமலே, ஒரே கேள்வியால் ஊருக்குச் செல்லும் வழியை அறிய வேண்டும் என்னும் புதிரை, 1957 முதல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் பத்தி எழுதிய மார்ட்டின் கார்டனர் பரவலாக்கினார். இந்தப் பாதை ஊருக்குச் செல்லுமா என்று கேட்டால் ஆம் என்பீரா என்று கேட்பதே விடை. பொய்யர் தாம் சொல்லக்கூடிய பொய்யைப் பற்றியும் பொய் சொல்ல வேண்டியிருப்பதால் இரு பொய்களும் ஒன்றையொன்று நீக்கிவிடும். இரு வாயிற்காவலரைக் கொண்ட இதன் மறுவடிவம் 1986இல் வெளிவந்த லாபிரிந்த் திரைப்படம் வழியே உலகெங்கும் அறிமுகமாயிற்று.

இப்புதிர்களை ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்த்தவர் ரேமண்ட் ஸ்மல்யன் (1919–2017). மேடை மாயவித்தைக்காரராகவும் பியானோ கலைஞராகவும் விளங்கிய இவர், பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச்சிடம் பயின்று 1959இல் முனைவர் பட்டம் பெற்ற தருக்கவியலார். 1978இல் வெளியான தமது முதல் புதிர் நூலின் தொடக்கத்தில், ஆறு வயதில் ஓர் ஏப்ரல் முதல் நாளன்று தம்மை இதுவரை இல்லாதவாறு ஏமாற்றப்போவதாக அண்ணன் சொல்லிவிட்டு நாள் முழுதும் ஒன்றும் செய்யாதிருந்ததையும், எதிர்பார்த்துக் காத்திருந்ததே ஏமாற்றம் என்று இரவில் விளக்கியதையும், தாம் ஏமாற்றப்பட்டோமா இல்லையா என்று நெடுநேரம் உறங்காமல் எண்ணிக்கிடந்ததையும் அவர் பதிவுசெய்துள்ளார். அவருடைய தீவுகளில் ஒரே விதி ஆட்சி செய்கிறது: ஒருவர் மெய்யர் என்பதும் அவர் சொன்னது மெய் என்பதும் சேர்ந்தே நிற்கும், சேர்ந்தே வீழும்.

ஸ்மல்யனின் பெருஞ்சாதனை, புதிரை மீண்டும் கோடலிடம் கொண்டு சேர்த்ததாகும். 1987இல் வெளியிட்ட நூலில் அவர் இவ்வழியை விரிவாக வகுத்துள்ளார். பொய்யானதை ஒருபோதும் நிறுவாத ஒரு தருக்கவியலார் தீவுக்கு வருகிறார் என்று கொள்வோம். தீவினர் ஒருவர் அவரிடம், தாம் மெய்யர் என்பதை அவர் என்றும் நிறுவப்போவதில்லை என்கிறார். சொன்னவர் பொய்யரானால் அவர் மெய்யர் என்று தருக்கவியலார் நிறுவிவிடுவார். அது பொய்யை நிறுவியதாகும். ஆகவே அது இயலாது. எனவே சொன்னவர் மெய்யரே. அவர் சொன்னதும் மெய்யாதலின் அவர் மெய்யர் என்பதைத் தருக்கவியலார் என்றும் நிறுவப்போவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு வெட்ட வெளிச்சமாகத் தெரியும் உண்மை உள்ளிருப்பவரின் நிறுவலுக்கு எட்டாது நிற்கிறது. கோடல் தேற்றத்தின் உட்கருவைக் கணிதக் குறியீடு ஒன்றுமின்றி இத்தனை நேராகக் காட்டிய விளக்கம் வேறொன்றைக் காண்பது அரிது.

1996இல் தருக்கவியலார் ஜார்ஜ் பூலோஸ், ஸ்மல்யனிடமிருந்து பெற்ற புதிர் ஒன்றைத் தருக்கப் புதிர்களுள் மிகக் கடினமானது என்னும் பெயருடன் வெளியிட்டார். மூன்று தேவர்களுள் ஒருவர் மெய்யர், ஒருவர் பொய்யர், மூன்றாமவர் தோன்றியவாறு பேசுபவர்; ஆம், இல்லை என்பவற்றுக்கு அவர்கள் தம் மொழியில் இரு சொற்களை வழங்குவர், எது எதைக் குறிக்கும் என்பது தெரியாது; மூன்று கேள்விகளில் மூவரையும் அடையாளம் காண வேண்டும். மொழி அறியாமை என்னும் இச்சிக்கலைச் சேர்த்தவர் கணினி அறிவியலார் ஜான் மெக்கார்த்தி. 2008இல் பிரையன் ராபர்ன், லாண்டன் ராபர்ன் ஆகிய இருவர், பூலோஸ் வகுத்தவாறே இப்புதிரை இரண்டே கேள்விகளில் தீர்க்க வழி கண்டனர். இக்கேள்விக்கு இல்லை என்று பொருள்படும் சொல்லையே விடையாகத் தருவீரா என்று கேட்டால், மெய்யரான தேவர் எச்சொல்லைச் சொன்னாலும் பொய்யராகிவிடுவார். ஆகவே அவரால் விடை கூறவே இயலாது. யூபுலிடிஸின் முரணை இவ்வாறு கேள்விக்குள்ளேயே வைத்ததால், ஆம், இல்லை என்பவற்றோடு விடையின்மையும் ஒரு விடையாகக் கிடைத்தது. தேவர் மூவரும் நிற்கக்கூடிய வரிசைகள் 6. இரு கேள்விகளின் ஆம், இல்லை விடைகளால் வேறுபடுத்தக்கூடியவை 4 மட்டுமே. விடையின்மையும் சேர்ந்தபோது அவை 9 ஆயின.