ஸ்ரீபுரந்தான் ஆடவல்லான் போய்வந்த தூரம்

சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்றைப் பார்க்கக் கிடைத்தால், முகத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் பீடத்தைப் பாருங்கள். ஓரங்களில் துளைகளோ வளையங்களோ இருக்கும். தண்டு செருகி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, தோளில் ஏற்றுவதற்காக விட்டவை அவை. கருவறை லிங்கம் இருந்த இடத்தை விட்டு அசையாது. சுவாமி தெருவுக்கு வர வேண்டுமென்றால் உலோகத்தில் இன்னொரு உடம்பு வேண்டும். அந்த உடம்பு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதைக் கோயிலின் வாசல்நிலை சொல்லும். எவ்வளவு கனக்கலாம் என்பதைச் சீர்பாதம் தாங்குவோரின் தோள் சொல்லும். ஸ்தபதி மெழுகைக் கையில் எடுக்கும் முன்பே கட்டடம் பாதி அளவுகளைக் கொடுத்துவிடுகிறது.

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது ஸ்ரீபுரந்தான். அங்குள்ள பிரகதீசுவரர் கோயிலில் நான்கடிக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் ஒரு நடராசர் இருந்தார். சோழர் காலம், 11 அல்லது 12ஆம் நூற்றாண்டு. அந்த நாளில் அவரை ஆடவல்லான் என்றுதான் அழைத்திருப்பார்கள்.

அவர் பிறந்த விதத்தைச் சுவாமிமலைப் பட்டறைகளில் இன்றும் பார்க்கலாம். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சி உருவம் பிடிப்பார்கள். அளவுகோலாக ஒரு தென்னங்கீற்று. அதை மடித்து மடித்து முகம், மார்பு, தொடை என்று பங்கு பிரிப்பார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி, காய்ந்தபின் அடுத்த பூச்சு, அதன்மேல் கனத்த மண், கம்பிக்கட்டு. சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். மண்கூட்டை உடைத்தே ஆக வேண்டும் என்பதால் ஒரு கூட்டில் ஒரு திருமேனிதான்.

இதே ஆடவல்லானைக் கல்லில் காண கங்கைகொண்ட சோழபுரம் போக வேண்டும். முதலாம் இராஜேந்திரன் எடுத்த அந்தக் கோயிலின் தென்சுவர்க் கோஷ்டத்தில், அதாவது சுவர் மாடத்தில், சுவாமி ஆடுகிறார். காலடியில் எலும்பும் தோலுமாகக் காரைக்கால் அம்மையார். இருபுறமும் அரைத்தூண்கள், மேலே தோரணம், உள்ளே ஆழமான நிழல். வெயில் சாயச் சாய நிழல் நகர்கிறது, தூக்கிய கால் இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வருகிறது. நின்று பார்க்க நேரம் இருப்பவர்களுக்கு அந்த ஒரு கோஷ்டமே போதும். ஆனால் அந்த உருவத்துக்கு முதுகு கிடையாது. முதுகு இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருக்கிறது. செப்பு நடராசருக்கோ முதுகு உண்டு. பின்கட்டு முடிச்சு, முதுகில் இறங்கும் அணி, தொடையின் பின்புறத் திரட்சி எல்லாம் முன்பக்கத்துக்குச் சமமான சிரத்தையோடு செய்திருக்கும். உலாவில் பின்னால் நடந்து வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா? கோஷ்டத்தில் இருந்து சுவாமி இறங்கி நடக்கத் தொடங்கியபோது சிற்பிக்குக் கிடைத்த புதிய வேலை இது. நாகசுரக்காரர்களுக்கும் ஒரு வேலை கிடைத்தது. புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பார்கள். சொல்லே இல்லாத, தாளக்கட்டு மிகுந்த வாசிப்பு. நடையின் வேகமும் தோள் மாற்றும் நிறுத்தமும் அதோடு சேர்ந்துதான் போகும்.

ஸ்ரீபுரந்தானில் பூசை குறைந்து, ஆள்நடமாட்டம் அற்று, ஒருகட்டத்தில் கோயில் பூட்டியே கிடந்தது. 2006இல் திருடர்கள் வந்தார்கள். ஊருக்குத் தெரியவில்லை. 2008இல் திருமேனிகளைப் பத்திரமாகக் கும்பகோணத்துக்கு மாற்றலாம் என்று அதிகாரிகள் வந்து திறந்தபோதுதான் உள்ளே எதுவும் இல்லை என்பது தெரிந்தது. அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது 2007 நவம்பரில். ஆக நடராசர் களவுபோனது பெரம்பலூர் மாவட்டத்தில், காணோம் என்று தெரியவந்தது அரியலூர் மாவட்டத்தில். அதற்குள் அவர் கடல் கடந்து வெகுதூரம் போயிருந்தார்.

நியூயார்க்கில் சுபாஷ் கபூர் என்ற கலைப்பொருள் வணிகரிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஒரு பொய் வரலாறு தயாரானது: இந்தியாவில் இருந்த ஒரு சூடான் நாட்டு அதிகாரியின் குடும்பம் 1970 வாக்கில் விலைக்கு வாங்கியதாகக் காகிதம். 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கி, கான்பெராவில் நிறுத்தியது. அதே கோயிலின் உமா பரமேசுவரி 2007இல் 6,50,000 டாலருக்குச் சிங்கப்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தாள். ஒரே கூரையின் கீழ் விளக்கொளி பெற்ற இருவரும் ஆளுக்கொரு தேசத்தில் நின்றார்கள்.

கான்பெராவில் அவரை அவமதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நல்ல வெளிச்சம், சுத்தமான காற்று, ரசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஆனால் திருமஞ்சனம் இல்லை, சந்தனக்காப்பு இல்லை, ஆருத்ரா தரிசனம் இல்லை. தெற்கு நோக்கி நிற்க ஒரு சபை இல்லை. பீடத்துத் துளைக்கு வேலையே இல்லை.

அவரைக் காட்டிக்கொடுத்தது, கோயிலுக்குள் இருந்தபோது எடுத்த ஒரு பழைய படம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழகக் கோயில்களைப் பல்லாண்டுகளாகப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தையும் கான்பெராத் திருமேனியையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது இருவரும் ஒருவரே என்பது உறுதியானது. கூட்டுக்கு ஒரு திருமேனி என்ற வார்ப்பு முறையே இங்கே சாட்சி சொன்னது. ஒன்றைப்போல் இன்னொன்று அச்சு அசலாக இருக்க முடியாது. 2011இல் கபூர் ஃபிராங்க்பர்ட்டில் கைதாகி, 2012இல் தமிழகம் கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் வட்டத்துச் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் புதுதில்லிக்கு வந்தபோது நடராசரும் திரும்பி வந்தார். கூடவே ஒரு கல் அர்த்தநாரீசுவரர். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் சுவர்க் கோஷ்டத்தில் இருந்தவர்; சிட்னி கலைக்கூடத்துக்குப் போயிருந்தார். அவரைச் சுவரில் இருந்தே பெயர்த்திருந்தார்கள். உமா பரமேசுவரி 2015இல் திரும்பினாள்.

ஸ்ரீபுரந்தானைச் சேர்ந்தவர் தில்லியில் இருந்து வந்து இறங்கிய இடம் கும்பகோணம். வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டு, திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். அந்த மையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2006க்குப் பிறகு அப்படிச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் கம்பிக்கதவுக்குப் பின்னால் திருமேனிகள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்க்கையில் நெஞ்சு கனக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு வாசலில் நுழைந்து வெளிவருவதற்கென்று அளந்து வார்க்கப்பட்டவர்கள். ஸ்ரீபுரந்தானுக்கு நல்ல பூட்டு வேண்டும், இரவுக்கு ஒரு காவலர் வேண்டும், அன்றாடம் விளக்கேற்ற ஒருவர் வேண்டும். வாசல்நிலை ஏற்கெனவே அவர் அளவுக்குத்தான் இருக்கிறது.