இசைத்தட்டும் பாடபேதமும்

1887ஆம் ஆண்டில், ஒன்றையொன்று அறியாத இரண்டு நிகழ்ச்சிகள் உலகின் இரு கோடிகளில் நடந்தன. தமிழகத்தில் உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. அமெரிக்காவில் எமில் பெர்லினர் என்பார், 'கிராமபோன்' என்று தாம் பெயரிட்ட ஒலிக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். முன்னது ஏட்டில் இருந்த சொல்லை அச்சில் நிறுத்தியது. பின்னது காற்றில் கரையும் ஓசையைத் தட்டில் நிறுத்தும் வழியைத் திறந்தது.

ஐயரவர்கள் ஓர் ஏட்டை மட்டும் நம்பிப் பதிப்பிக்கவில்லை. ஊர் ஊராக ஏடு தேடினார். கிடைத்தவற்றை ஒப்பு நோக்கினார். வேறுபாடுகளைப் பாடபேதமென்று குறித்தார். ஒருவர் படிக்க மற்றவர்கள் கையிலுள்ள பிரதிகளைப் பார்த்துவர, பலர் கூடியிருந்து செய்யும் பணி அது. இசைத்தட்டைக் கேட்கும் கலையும் இத்தகையதே என்பது இக்கட்டுரையின் கருத்து. ஒரு தட்டை ஒருவர் தனித்துக் கேட்டால், அவருக்கு ஒரு பிரதி கிடைக்கிறது. அதே பாடலைப் பலர் பாடியிருக்கப் பலர் கூடிக் கேட்டால்தான் அப்பாடலின் முழு உருவம் தெரியவருகிறது. இசைத்தட்டு நம் நாட்டுக்கு வந்த வரலாற்றை இக்கண் கொண்டு காண்போம்.

முதற் குரல்கள்

1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் கூவி அறிவித்தார். மூலத்தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்றே படியெடுக்கப்பட்டன. பாடியவர் யார் என்பது அங்கிருந்த பணியாளர்க்குத் தெரியவேண்டும் அல்லவா! ஏட்டின் இறுதியில் எழுதியவன் பெயர் பொறிப்பதைப் போன்றதே இது. 1908இல் கல்கத்தாவில் தொழிற்சாலை எழுந்தபின், தட்டுகள் இங்கேயே உருவாயின. அவற்றுக்கு மூலப்பொருளான அரக்கும் நம் நாட்டுக் காடுகள் தந்ததே.

தென்னாட்டில் வித்துவான்கள் பலர் குழாயின் முன் பாடத் தயங்கிய காலத்தில், துணிந்து முன்வந்தோர் பெண்டிர். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர் குரல்கள் இவ்வாறே நமக்கு எஞ்சின. சமூகம் அவர்களைப் பிறந்த குலத்தால் தாழ்த்தியது; ஆனால் அவர்கள் குரல் எட்டாத தெரு இல்லை என்னும் நிலையை இசைத்தட்டு உண்டாக்கியது.

இவர்களுள் நாகரத்தினம்மாளை நம் போன்ற இலக்கிய அன்பர்கள் தனியே நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். தஞ்சை அரசவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் பெண்பாற் புலவரின் 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியத்தை அவர் அச்சில் படித்தார். அப்பதிப்பில் சில பகுதிகள் விடுபட்டிருப்பதை மூலப்பிரதி கொண்டு உணர்ந்தார். 1910இல் முழுமையான பதிப்பொன்றைத் தாமே வெளியிட்டார். ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. இசைத்தட்டில் பாடிய கைகளே ஏட்டையும் அச்சையும் ஒப்பிட்டன என்பது எண்ணி மகிழத்தக்கது.

பாரிஸ் சென்ற தட்டு

இதே காலத்தில் பாரிஸ் மாநகரில் கவிஞர்களும் இசைவாணர்களும் கூடிய வட்டமொன்று இருந்தது. 'அப்பாஷ்' என்று அவர்கள் தம்மை அழைத்துக்கொண்டனர். மொரீஸ் ரவேல் என்னும் புகழ்பெற்ற இசையமைப்பாளரும், லெயோன் போல் ஃபார்க், திரிஸ்தான் கிளிங்சோர் என்னும் கவிஞர்களும் அதில் இருந்தனர். புதிய கவிதை, புதிய இசை, புதிய ஓவியம் ஆகியவற்றைத் தமக்குள் பகிர்ந்து விவாதிப்பதே அவர்கள் வேலை. அவ்வட்டத்தினரில் ஒருவரான மொரீஸ் தெலாழ் 1912இல் இந்தியாவில் பயணம் செய்தார்; திரும்புகையில் இந்திய இசைத்தட்டுகளை எடுத்துச் சென்றார்.

அவர் உள்ளத்தைக் கவர்ந்தவற்றுள் ஒன்று கோயம்புத்தூர் தாயியின் தட்டு. அதனை அடியொற்றிப் பியானோவுக்கு ஓர் இசைப்படைப்பு ஆக்கி, 'ராகமாலிகா' என்றே அதற்குப் பெயர் சூட்டினார். பியானோவின் இயல்பான ஓசை தாம் கேட்டதற்கு இணையாகாது என்று கண்டு, ஒரு தந்தியினிடையே அட்டையைச் செருகி அதன் ஒலியை மழுக்கவும் செய்தார். ஒரு தட்டை எத்தனை முறை கூர்ந்து கேட்டிருந்தால் இந்த எண்ணம் எழும்! ராகத்தின் இலக்கணம் அறியாத அயல்நாட்டார் ஒருவர், தம் காதையும் தட்டையும் மட்டுமே துணையாகக் கொண்டு இவ்வளவு தூரம் வந்தார். தாயி நேரில் செல்லாத ஊரில் அவருடைய குரல் ஒரு புதிய படைப்புக்கு வித்திட்டது.

மூன்று நிமிட எல்லை

அக்காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே இடமுண்டு. ஒவ்வொரு முறையும் சாவி முடுக்கி, ஊசி மாற்றி, தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்கவேண்டும். 1926இல் பத்து வயதுச் சிறுமியாக எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய முதல் தட்டும், 1932இல் முதுமையில் வீணை தனம்மாள் கொலம்பியா நிறுவனத்துக்கு வாசித்தவையும் இந்த எல்லைக்குள் அடங்கியவையே. கோயில் வீதியில் இரவெல்லாம் தோடி வாசிக்கவல்ல திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரமும் இச்சிறு வட்டத்துக்குள் புகுந்தது.

இவ்வெல்லை கலைக்கு நட்டம் என்று மட்டும் சொல்வது பொருந்தாது. எதை வைப்பது, எதை விடுவது என்று கலைஞர் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. சிலர் சங்கதிகளைக் குறைத்தனர். சிலர் சரணத்தைக் கடிது முடித்தனர். சிலர் ராகத்தின் சாரத்தை ஒரே மூச்சில் பிழிந்து தந்தனர். குறள் வெண்பாவின் ஏழு சீருக்குள் கருத்தை அடக்கும் புலவனுக்கு இந்நெருக்கடி புதியதன்று. ஆகவே பழைய தட்டுகளைக் கேட்போர், 'யார் சிறப்பாகப் பாடினார்?' என்று கேட்பதற்கு முன், 'இவர் எதை விட்டார்? ஏன் விட்டார்?' என்று கேட்பது நலம். அவ்வினாவுக்கு விடை ஒரே தட்டில் இராது; இன்னொன்றை அருகில் வைத்தால்தான் விடுபட்டது புலனாகும்.

நகுமோமு காட்டும் பாடம்

முசிரி சுப்பிரமணிய ஐயர் (1899–1975) தட்டில் பாடிய 'நகுமோமு' என்னும் தியாகராஜ கீர்த்தனை தமிழகமெங்கும் ஒலித்தது. ஆபேரி என்றால் பலர் காதில் இன்றும் எழுவது அப்பாட்டின் சாயல்தான். அதில் வருவது சதுசுருதி தைவதம். முத்துசுவாமி தீட்சிதர் மரபிலோ ஆபேரிக்குச் சுத்த தைவதமே உரியது. சதுசுருதி தைவதம் அமைந்த வடிவத்தை அம்மரபினர் கர்நாடக தேவகாந்தாரி என்பர். ஒரு சுரத்தின் இடம் சிறிதே மாறுகிறது. ராகத்தின் பெயரே வழக்குக்கு உள்ளாகிறது.

இங்கே இசைத்தட்டின் ஆற்றலும் அபாயமும் ஒருங்கே தெரிகின்றன. நேர்முகமாகக் கற்பிக்கும் குருவின் சொல் சில மாணவர்களைச் சேரும். தட்டின் குரலோ ஆயிரம் வீடுகளில் ஒரே விதமாக ஒலிக்கும். பலமுறை கேட்ட வடிவமே சரியான வடிவம் என்று காது தீர்ப்பளித்துவிடும். மேலைநாட்டில் இத்தகைய வழக்கு எழுந்தால் எழுதப்பட்ட சுரத்தாளை எடுத்துப் பார்ப்பர். 1923இல் லண்டனில் காம்ப்டன் மெக்கென்சி 'கிராமபோன்' என்னும் இதழைத் தொடங்கியபின் தட்டுகளை மதிப்பிடுவதற்கென்றே ஒரு எழுத்துமரபு அங்கு வளர்ந்தது. அம்மரபுக்கும் சுரத்தாளே அடிநிலம். நம் இசையிலோ சுரக்குறிப்பு எலும்புக்கூடு, கமகமே உயிர். ஆதலின் நமக்குத் தட்டே மூலம், இன்னொரு தட்டே உரை. வேறு வடிவம் அறிந்த ஒருவர் அருகிலிருந்து, 'எங்கள் பாடாந்தரம் இவ்வாறன்று' என்று சொல்லும்போதுதான் ராகம் மீண்டும் விரிகிறது.

நாடாக் காலத்துத் துப்பறிவு

பின்னர் ஒலிநாடா வந்தது. இரு சுருள்கள் சுழலும் கனத்த கருவியைச் சபைக்குச் சுமந்து சென்று, முழுக் கச்சேரியையும் பதிந்த ரசிகர்கள் பலர். மதுரை மணி ஐயர் (1912–1968) முதலியோரின் கச்சேரி மணத்தை இன்று நாம் நுகர்வதற்கு அவர்களுடைய உழைப்பே பெருங்காரணம். ஆனால் அவ்வுழைப்பில் ஒரு குறையும் நேர்ந்தது. நாடாவின் உறையில் பாடியவர் பெயர் மட்டும் இருக்கும். ஊர், நாள், பக்கவாத்தியம் எதுவும் இராது.

இக்குறையைத் தீர்ப்பதற்குக் கேட்போர் கூட்டமே உதவுகிறது. ஒருவர் வில்லின் போக்கைக் கேட்டு வயலின் வித்துவானை அறிவார். மற்றொருவர் மிருதங்கத்தின் தொப்பியோசையைக் கேட்டுப் பழனி சுப்பிரமணிய பிள்ளை என்பார். அது சரியானால், அவர் 1962இல் மறைந்தமையால், கச்சேரி அதற்கு முற்பட்டது என்பது உறுதியாகும். உள்ளிருக்கும் சான்று கொண்டு நூலின் காலம் கணிக்கும் ஆராய்ச்சி முறையே இது.

கருவியின் வேகமும் ஏமாற்றும். நிமிடத்துக்கு 78 முறை சுழலவேண்டிய தட்டு 82, 83 முறை சுழன்றால், சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை உயர்ந்துவிடும், காலப்பிரமாணமும் விரையும். அதைக் கேட்டு, 'இவர் இளமையில் எத்தனை துரிதமாகப் பாடினார்!' என்று வியப்பவர் கருவியின் பிழையைப் பாராட்டியவர் ஆவார். அப்பாடகரின் வழக்கமான சுருதியை அறிந்த நண்பரோ, அவருடைய வேறு பதிவோ அருகில் இருந்தால்தான் உண்மை வெளிப்படும்.

இவ்வளவு பயனுடைய செல்வத்தைப் பூட்டி வைத்தோரும் உண்டு. 'என்னிடம் மட்டுமே உள்ளது' என்னும் பெருமிதம் சுவடி வைத்திருந்தோர்க்கும் இருந்தது. பூட்டிய பெட்டியில் ஏட்டைச் செல்லரித்தது; நாடாவைப் பூஞ்சை பற்றியது. ஒரே படியாய் இருந்த பொருள் அழிந்தால், அது கிடைத்ததும் கிடையாததும் ஒன்றே. பலர் கையில் படியாகப் பரவியதே பிழைத்தது. ஆகவே பகிர்தல் என்பது நட்பின் அடையாளம் மட்டுமன்று, காப்பு முறையுமாகும்.

நம் கடன்

இன்று பழந்தட்டுகள் பல எண்ணியல் வடிவம் பெற்றுக் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. தேடும் தொல்லை குறைந்தது. ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் காதுக்குள் தனித்துக் கேட்கும் பழக்கம் மிகுந்துவிட்டது. பல பிரதிகள் கிடைத்தும், ஒப்பு நோக்குவார் அவையில்லை. கட்சி கட்டிக்கொண்டு 'எங்கள் பாகவதரே பெரியவர்' என்று வாதிடுவது ஒப்புநோக்கு ஆகாது. வேறுபாடு தெரிந்த இடத்தில் நின்று காரணம் தேடுவதே ஒப்புநோக்கு.

பத்தாண்டுகளாகக் கவிதைகளைக் கூடிப் படித்து, ஒரு சொல்லுக்காக ஒரு மாலை முழுதும் வாதிட்டுப் பழகிய நம் வட்டத்துக்கு இப்பணி கடினமன்று. மாதக் கூட்டத்தின் இறுதியில் ஒரே கீர்த்தனையை இருவர் பாடக் கேட்போம். முதலில் ஒருவரும் பேசாமல் இரண்டையும் கேட்டு முடிப்போம். பிறகு வேறுபட்ட இடத்தை ஒவ்வொருவரும் சொல்லட்டும். அன்பர் வீட்டில் பெயரற்ற நாடா ஏதேனும் இருப்பின் கொணரட்டும். பாடியவர், பக்கவாத்தியம், ஊர், காலம் என்று அறிந்ததை அறிந்தவாறே உறையில் எழுதி, படியெடுத்து, இருவரிடமேனும் கொடுத்து வைப்போம். ஏடு காத்த முன்னோர்க்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு இதுவே.