மதுரை பேர் கொண்ட நோய்: ஒரு முள் உடம்புக்குள் என்ன செய்கிறது?

உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படிக்கிற ஒரு நோய்க்கு மதுரை பேர் இருக்கு: 'மதுரா ஃபுட்'. சாப்பாடு இல்லைங்க, பாதம். மதுரைப் பாதம்.

காரைக்குடியிலயோ சிவகங்கையிலயோ இருந்து கேக்குறவங்க, "அது மதுரைக்காரங்க சமாச்சாரம்"னு ஒதுங்கிட முடியாது. 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை சிவகங்கைச் சீமையும் மதுரை ஜில்லாவுக்குள்தான் இருந்தது. வானம் பார்த்த பூமி, கருவேல முள், செருப்பில்லாத கால். இந்த மூணும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். நம்ம கதைக்கும் இந்த மூணுதான் முக்கியம்.

1842-ல் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் மதுரையில் தான் பார்த்த விசித்திரமான பாத வீக்கத்தைப் பற்றி எழுதினார். பாதம் உருண்டு திரண்டு, அங்கங்கே ஓட்டை விழுந்து, சீழோடு சின்னச் சின்ன மணிகள் வெளியே வரும். 1846-ல் கோல்புரூக் என்பவரும் மதுரையிலிருந்து இதைப் பற்றி எழுத, ஊர் பேர் அப்படியே நோயோடு ஒட்டிக்கொண்டது.

அந்த மணிகள் என்ன? இதற்கு விடை தேடியவர் பம்பாயில் வேலை பார்த்த ஹென்றி வான்டைக் கார்ட்டர். புகழ்பெற்ற 'கிரேஸ் அனாட்டமி' புத்தகத்துக்குப் படம் வரைந்தவர் இவர்தான். மைக்ராஸ்கோப்பில் அந்த மணிகளைப் பார்த்து, இது ஒரு பூஞ்சை, உடம்புக்குள் வளர்கிறது என்றார். 1860-ஐ ஒட்டி 'மைசீட்டோமா' என்று பேர் வைத்தார். பூஞ்சைக் கட்டி என்று அர்த்தம். இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க: ஆந்த்ராக்ஸ் நோய்க்கு ஒரு பாக்டீரியாதான் காரணம்னு ராபர்ட் கோக் நிரூபித்தது 1876-ல். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பதை மருத்துவ உலகம் முழுசா ஏத்துக்காத காலத்திலேயே கார்ட்டர் இதைச் சொல்லிவிட்டார்.

சரி, உடம்புக்குள்ள என்னதான் நடக்குது?

இந்தக் கிருமிகள் மண்ணில் வாழ்பவை. மனுஷனைத் தேடி வர்றதில்லை. ஒரு முள்ளோ சிராய்ப்போ தோலைத் திறந்துவிட்டால் உள்ளே போய்விடும். முள்ளைப் பிடுங்கிப் போட்டுட்டு நாம மறந்துடுவோம். கிருமி அங்கேயே தங்கி, ஒன்றோடொன்று நெருக்கமாக ஒட்டி ஒரு மணியாகத் திரளும். சில வகைப் பூஞ்சைகள் சிமென்ட் மாதிரி ஒரு கெட்டிப் பொருளைச் சுற்றிலும் பூசிக்கொள்ளும்.

உடனே நம்ம வெள்ளை அணுக்கள் படையெடுத்து வரும். ஆனால் இந்தக் கோட்டைக்குள் நுழைவது கஷ்டம். உள்ளே போக முடியாத படை வெளியே முகாம் போட்டுவிடும். மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் முற்றுகை. நாம பார்க்கிற வீக்கத்தில் பெரும் பகுதி இந்த முற்றுகைதான். கிருமி கால்வாசி வேலை செய்தால், முடிக்கத் தெரியாத நம்ம உடம்பின் சண்டை மீதியைச் செய்கிறது. சீழ் வழி தேடித் தோலைத் துளைக்கும். கடைசியில் எலும்பும் அரிபடும்.

இதில் பெரிய ஆபத்து எது தெரியுமா? வலிக்காதது. பெரும்பாலும் தொடக்கத்தில் வலியே இருக்காது. வலிக்காத கட்டிக்காக யாரு ஒரு நாள் கூலியை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவாங்க?

கதை இங்கே ஒரு திருப்பம் எடுக்குது. 1894-ல் அல்ஜீரியாவில் வின்சென்ட் என்பவர், இதே மாதிரி பாதத்திலிருந்து பிரித்தெடுத்த கிருமி பூஞ்சையே இல்லை. அது பாக்டீரியா வகை. அதற்கும் மதுரை பேர்தான்: இன்றைக்கு 'ஆக்டினோமதுரா மதுரே'. பூஞ்சைப் பக்கமும் 'மதுரெல்லா' என்று ஒரு பேரினம் இருக்கு. வெளியே பார்க்க ஒரே நோய், உள்ளே ரெண்டு வேறு கிருமிகள்.

இது வெறும் பேர் விஷயம் இல்லை. பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக்கை மாசக்கணக்கில் கொடுத்துப் பெரும்பாலும் குணப்படுத்தலாம். பூஞ்சை என்றால் வேறு மருந்து, இன்னும் நீண்ட காலம், கூடவே அறுவை சிகிச்சை. தாமதமானால் காலையே எடுக்க வேண்டி வரலாம். வெளிவரும் மணி கறுப்பாக இருந்தால் பூஞ்சை. வெள்ளையோ மஞ்சளோ என்றால் ரெண்டில் எதுவாகவும் இருக்கலாம். அதனால் திசு எடுத்துப் பரிசோதிக்காமல் மருந்து கொடுத்தால் காலமும் காசும் வீண்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல், புதிய நோய்களுக்கு ஊர் பேர் வைக்காதீங்க என்று சொன்னது. 2016-ல் மைசீட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் சேர்த்தது. கில் எழுதி 174 வருஷம் கழிச்சு! சூடான், மெக்சிகோ, இந்தியா என்று வெயில் காயும் நாடுகளில், வயலிலும் மேய்ச்சல் காட்டிலும் வேலை செய்யும் ஏழைகளுக்குத்தான் இது அதிகம் வருது. அதிலும் 15-லிருந்து 30 வயசுக்காரங்கதான் அதிகம். அதாவது, இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற உங்க வயசு.

ஊருக்குப் போகும்போது, வயல் வேலை பார்க்கிற சித்தப்பாவோ அத்தையோ "அது கிடக்கட்டும், வலிக்கவே இல்ல"ன்னு பாதத்தில் ஒரு கட்டியைக் காட்டினால், அந்த 'வலிக்கவே இல்ல'யைக் காது கொடுத்துக் கேளுங்க. கையோடு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அப்படியே ஒரு நல்ல செருப்பும் வாங்கிக் கொடுங்க.