அணையும் லயமும்: மலைநாட்டில் ஒரு மின்கணக்கின் வரலாறு

இலங்கை மலைநாட்டின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் தேயிலையின் விலையையே அளவுகோலாகக் கொண்டனர். கொழும்பு ஏலத்தில் என்ன விலை போயிற்று, லண்டனில் என்ன விலை போயிற்று என்ற கணக்குகளுக்குக் குறைவில்லை. ஆனால் அதே மலையில், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிராவுக்குள் வாழும் ஒரு குடும்பம் குளிரைத் தாங்க என்ன செலவிட்டது என்ற கணக்கை எவரும் முறையாக எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. உணவுக்கும் உடைக்கும் அடுத்தபடியாகச் சூடு என்பதும் மனிதனுக்கு ஓர் அடிப்படைத் தேவையே. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. தை மாத விடியலில் அங்கே புல்நுனியில் உறைபனி படிகிறது. அந்த விடியலில்தான் பெரட்டுக்களத்துக்குப் பெயர் கொடுக்கத் தொழிலாளி நடந்தாகவேண்டும்.

குளிர் நாடுகளில் இந்தக் கணக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரிட்டனில் நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவைக் குழாய்வழி வீடுகளுக்கு அனுப்பி, மீற்றர் வைத்து அளந்து விற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், காசு போட்டால் மட்டும் வாயு விடும் மீற்றர்கள் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் நுழைந்தன. முன்பணமாகச் சில்லறை போடுகிறவன், மாத முடிவில் கட்டுகிறவனைவிடப் பொதுவாகக் கூடுதல் விலையே கொடுத்தான். வறியவனுக்குச் சூடு சில்லறையில் விற்கப்பட்டது. சில்லறை விலை என்றும் மொத்த விலையைவிட அதிகம். அந்த வாயுவை உலைக்களத்தில் நின்று உற்பத்தி செய்தவர்களே 1889-ல் லண்டனில் சங்கம் அமைத்து எட்டு மணி நேர வேலைநாளைப் பெற்றார்கள் என்பதையும் இங்கு நினைவுகூர்வது தகும்.

நமது மலைநாட்டில் குழாய்வழி வாயு இல்லை. சிலிண்டர் உண்டு, அதற்கு மீற்றர் கிடையாது. 12.5 கிலோ சிலிண்டரின் விலை 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய். 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். நகரத்து நடுத்தர வர்க்கம் அன்று விறகடுப்பைத் தேடி ஓடியது. லயத்து மக்களோ விறகடுப்பை விட்டு என்றுமே அதிக தூரம் போனதில்லை. கவ்வாத்து முடிந்த மலையில் கிடக்கும் மிலாறைக் கட்டித் தலையில் சுமந்து வருவது, நாள் முழுவதும் கொழுந்து பறித்த பெண்ணுக்கு இரண்டாவது வேலைநாள். அதற்குப் பெயரும் போடப்படுவதில்லை, கூலியும் இல்லை.

ஆகவே இங்கு மீற்றர் என்றால் மின்சாரத்தின் மீற்றர். அதன் வரலாறோ விசித்திரமானது.

மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் தேயிலை மலைகளின் நடுவே பிறந்து, இணைந்து, களனி கங்கையாகக் கொழும்புக்குப் போகின்றன. இந்த நீரின் வீழ்ச்சியிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என 1918-ல் ஒரு கட்டுரையை வாசித்தளித்தார் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. காலனி ஆட்சிக்கு அதில் அவசரம் இருக்கவில்லை. 1920-ல் சோவியத் நாடு, உள்நாட்டுப் போரின் இடிபாடுகளுக்கு நடுவிலும், முழு நாட்டையும் மின்மயமாக்கும் திட்டத்தை வகுத்தது. இலங்கையிலோ லக்சபான வேலை 1920களில் தொடங்கி இடையிலேயே நின்றது. விமலசுரேந்திர 1931-ல் அரசாங்க சபைக்குள் சென்று வாதாட வேண்டியிருந்தது. கடைசியில் லக்சபானவின் முதல் நிலையம் 1950-ல், 25 மெகாவாட் வலுவுடன் இயங்கத் தொடங்கியது.

இதற்கிடையில் பல தோட்டங்களில் தொழிற்சாலையை ஒட்டிய ஓடைகளில் சிறு சுழலிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவை இலை வாட்டவும் அரைக்கவும் சக்தி தந்தன. துரையின் பங்களாவுக்கு விளக்கும் தந்தன. தொழிற்சாலையிலிருந்து பங்களாவுக்குப் போன கம்பி பெரும்பாலும் லயத்தின் கூரையைக் கடந்து சென்றதேயன்றி அதற்குள் இறங்கவில்லை. லயத்துக்குக் குப்பி விளக்கும் மண்ணெண்ணெயுமே போதும் என்று அன்று முடிவு செய்தவர்களுக்கு அதனால் ஒரு சதமும் நட்டமில்லை.

பிறகு பெரிய அணைகள் எழுந்தன. 1965-ல் காசல்ரீ; 1969-ல் மவுசாகலை. இவற்றுக்காகத் தேயிலை மலைகளும் குடியிருப்புகளும் நீரில் மூழ்கின. பழைய மஸ்கெலியா நகரமே மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது அதன் கோயிலும் பள்ளிவாசலும் பௌத்த ஆலயமும் இன்றும் வெளியே தெரிகின்றன. இந்த ஆண்டுகளை வேறொரு ஆண்டோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிவிட்டிருந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரைத் தராசில் இட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என ஒதுக்கி வைத்து, 1974-ல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். மலையின் நீர் நாட்டின் உடைமையாகிக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மலையின் மனிதர் எந்நாட்டவர் என்பது தீராத கேள்வியாக இருந்தது. வாக்கில்லாதவனுடைய வாசலுக்கு மின்கம்பம் நடவேண்டுமென்று எந்த அமைச்சர் அவசரப்படுவார்?

லயங்களுக்கு மின்சாரம் பரவலாக வந்தது இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பதின்மங்களிலேதான். அதற்குள் தோட்டங்கள் 1972-லும் 1975-லும் அரசுடைமையாகி, 1992-ல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குள் போயிருந்தன. 1987-ன் பிரதேச சபைச் சட்டமோ தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. 2018-ல்தான் அது திருத்தப்பட்டது. 2012-ல் தலவாக்கலையில் மேல் கொத்மலை நிலையம் 150 மெகாவாட் வலுவுடன் இயங்கத் தொடங்கியது. அதற்காகவும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் பெயர்ந்தன, சென்கிளேயர் அருவியின் நீர் வேளை பார்த்து விடப்படும் நீராயிற்று.

சரி, கம்பி வந்தது, மீற்றரும் வந்தது. இனி அது காட்டும் எண்ணைப் பார்ப்போம்.

தோட்டத் தொழிலாளிக்கு எண் என்பது புதிதல்ல. கொழுந்துத் தராசின் முள், செக்ரோலில் விழும் பேர், நிறை குறைந்தால் விழும் அரைப் பேர், சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கப்படும் இறாத்தல் இவையெல்லாம் அவருடைய வாழ்வை நிர்ணயித்த எண்கள். 1921-ல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையில், தொழிலாளியின் கடன் ஒரு காகிதத் துண்டில் எழுதப்பட்டு, அவர் போகுமிடமெல்லாம் கூடவே போயிற்று. எழுதியவர் கங்காணி, கட்டியவர் தொழிலாளி. இந்த எண்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: அவற்றை வாசிக்கும் உரிமை பிறர் கையில் இருந்தது. மின்மானி அப்படியன்று. அது சுவரிலேயே இருக்கிறது. கழித்தல் கணக்குத் தெரிந்த எந்தப் பிள்ளையும் அதை வாசிக்கலாம்.

மின்மானியின் எண் மாதந்தோறும் பூச்சியத்துக்குத் திரும்புவதில்லை, ஏறிக்கொண்டே போகும். இன்று 4,872, சென்ற முறை 4,800 என்றால் செலவானது 72 அலகு. சில மானிகளில் கடைசி இலக்கம் சிவப்பாகவோ புள்ளிக்கு அப்பாலோ இருக்கும். அது பத்தில் ஒரு பங்கு, அதைச் சேர்த்து வாசிக்கக் கூடாது. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஓர் அலகு. பத்து வாட் விளக்கு ஓர் அலகைத் தீர்க்க நூறு மணி நேரம் எடுக்கும். நீர் சூடாக்கும் ஆயிரத்தைந்நூறு வாட் கருவிக்கு நாற்பது நிமிடம் போதும். வெளிச்சம் மலிவு, சூடு விலையுயர்ந்தது என்பதே இதன் சாரம்.

இங்கேதான் மலைநாட்டின் தனித்த துயரம் தொடங்குகிறது. பத்து லீற்றர் நீரை 45 பாகைக்குச் சூடாக்கவேண்டும் என்று கொள்வோம். கொழும்பில் குழாய் நீர் ஏறத்தாழ 27 பாகையில் இருக்குமானால் அதற்கு 0.21 அலகு செலவாகும். நுவரெலியாவில் நீர் 15 பாகையில் இருக்குமானால் 0.35 அலகு. ஐந்து பேர் கொண்ட குடும்பம், ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்தே லீற்றர்: கொழும்பில் மாதம் 31 அலகு, மலையில் 52. விளக்குக்கும் பிறவற்றுக்கும் இரு வீட்டிலும் இருபது அலகு சேர்த்தால், 51-ம் 72-ம்.

வித்தியாசம் 21 அலகுதானே என்று தோன்றும். ஆனால் கட்டண முறை படிக்கட்டுகளால் ஆனது. 2022 ஆகஸ்டுக்கு முன்பு நடைமுறையில் இருந்த விகிதப்படி, மாதம் அறுபது அலகுக்கு உட்பட்ட வீட்டில் முதல் முப்பது அலகும் 2.50 ரூபாய், அடுத்த முப்பதும் 4.85 ரூபாய். அறுபதைத் தாண்டிவிட்டாலோ தாண்டிய அலகுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் அலகிலிருந்தே 7.85 ரூபாயாகிவிடும். எனவே கொழும்பு வீட்டுக்கு நிலைக்கட்டணம் உட்பட ஏறக்குறைய 237 ரூபாய். மலைவீட்டுக்கு 681 ரூபாய். குளித்த நீர் ஒன்றே, உடல் அடைந்த சூடும் ஒன்றே. விலை மட்டும் ஏறத்தாழ மூன்று மடங்கு. சட்டம் எழுதியவர் எவரும் மலையகத்தாரை வஞ்சிக்கவேண்டுமென்று எண்ணி இதைச் செய்தார் என நாம் சொல்லவில்லை. சமதளத்தில் உட்கார்ந்து எழுதிய சட்டத்துக்கு மலையின் குளிர் தெரிவதில்லை, அவ்வளவே. அறுபத்தோராவது அலகின் விலை என்ன என்று ஒரு வகுப்பறையில் கேட்டுப் பாருங்கள்: அறுபது அலகுக்கு 280.50 ரூபாய், அறுபத்தொன்றுக்கு 571 ரூபாய். அந்த ஓர் அலகு 290 ரூபாய்க்கு மேல்!

நெருக்கடி வந்தபோது மிகச் சிறிய படிக்கட்டே மிகச் செங்குத்தானதாயிற்று. மாதம் முப்பது அலகு மட்டுமே பாவிக்கும் வீடு 105 ரூபாய் கட்டிவந்தது. 2022 ஆகஸ்டில் அலகு 8 ரூபாயும் நிலைக்கட்டணம் 120 ரூபாயுமாகி, அது 360 ஆயிற்று. 2023 பெப்ரவரியில் அலகு 30, நிலைக்கட்டணம் 400. மொத்தம் 1,300 ரூபாய். ஆறே மாதங்களில் பன்னிரண்டு மடங்கு. அன்று தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி, நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021-ல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபாய். நான்கு விளக்குக்காக ஒரு முழுப் பேருக்கு மேல்! விளக்கே ஏற்றாத வீடும் அன்று 400 ரூபாய் கட்டவேண்டியிருந்தது. கட்டத் தவறினால் இணைப்புத் துண்டிக்கப்படும். அக்கட்டணங்கள் 2023 ஜூலை முதல் குறைக்கப்பட்டன என்பது உண்மை. 2025 ஜூனில் மீண்டும் ஏற்றம் வந்ததும் உண்மை.

நாம் மேலே போட்ட 72 அலகுக் கணக்கை லயத்தில் காண்பது அரிது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். காரணம் சிக்கனம் அல்ல. நீர் சூடாக்கும் கருவி அங்கே இல்லை. மிலாறு இருக்கிறது, புகை இருக்கிறது, அப்புகையை நாற்பதாண்டு சுவாசித்த தாயின் இருமல் இருக்கிறது. அந்தச் சூட்டின் விலை எந்த மீற்றரிலும் ஏறுவதில்லை. மின்சாரத்தைக் கொண்டு சூடேற்ற முற்பட்ட இடங்களில் வேறோர் ஆபத்து உண்டு. நூறாண்டு பழைய மரக்கூரையின்கீழ், ஒரு காம்பிராவுக்காக இழுத்த கம்பியில் மூன்று காம்பிராக்கள் தொங்குகின்றன. மின்கசிவால் லயங்கள் வரிசையாக எரிந்த செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. பொது மீற்றரில் யார் எவ்வளவு பாவித்தார் என்ற சச்சரவும் அங்கேயே பிறக்கிறது.

தனி மீற்றர் கேட்டால் என்ன என்று வாசகர் வினவலாம். அதற்கு வீட்டின் உரிமைப் பத்திரம் வேண்டும். லயமும் அது நிற்கும் நிலமும் தொழிலாளியுடையதல்ல. எனவே தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்தக் காம்பிராவில் பிறந்து, அங்கேயே இறந்த குடும்பம், தன் சுவரில் ஒரு மானியை மாட்டுவதற்கு இன்றும் காரியாலயத்து வாசலில் மனுவோடு நிற்கிறது.