நஞ்சையை மீட்ட நீண்ட தவணை

தென்காசி வட்டாரத்தில் சிற்றாற்றுப் பாசன நஞ்சை குடும்பத்தின் மானம். அதை ஈடு வைத்தவர்கள் வட்டியிலேயே மூழ்கினார்கள்.

இந்தக் கொடுமைக்கு மாற்றுத் தேடிய சென்னை மாகாண அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன், ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895, 1897-இல் சென்னை அரசுக்கு அறிக்கை தந்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் அத்தகைய சங்கமும் பிறந்தது. ஆனால் சங்கம் தரும் குறுகிய காலக் கடனால் பழைய அடமானம் மீளுமா?

அதற்கென 1929-இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி எழுந்தது. கடன் பத்திரங்கள் விற்றுப் பணம் திரட்டி, தொடக்க வங்கிகள் வழியே நீண்ட தவணையில் கொடுத்தது.

அப்படிக் கடன் கொடுக்குமுன் நிலப் பத்திரம், வில்லங்கம், விளைச்சல் பார்த்து நிலத்துக்கு மதிப்புப் போடுவது தனித் திறமை. கூட்டுறவு மாநாடுகளும் பயிற்சி வகுப்புகளுமே அன்று அதற்கான பள்ளிக்கூடம். 1934-இல் நில அடமான வங்கிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது.